கட்டுத்தறியைப் பார்: பென்சில்வேனியாவில் நான்கு நாட்கள்

முதல் நாள், அக்டோபர் 1

ஃபிலடெல்ஃபியா நகர்மன்றக் கட்டடத்துக்கு அடியில் டிராம் ஏறினேன். கொஞ்ச தூரம் சுரங்கத்துக்குள் ஓடிவிட்டு, வெளிச்சத்துக்கு வந்து, தென்மேற்குப் பக்கம் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிய வீடுகளுக்கு நடுவே ஊர்ந்தது. 54-வது தெரு நிறுத்தத்தில் இறங்கினேன். பள்ளிக்கூடப் பிள்ளைகளும் மளிகைப் பைகளுமாக இருக்கிற சாதாரணத் தெரு. ஒரு வளைவு திரும்பி உள்ளே நடந்ததும் மரங்கள் கூடின, வண்டிச் சத்தம் குறைந்தது. ஸ்கூகில் ஆற்றுச் சரிவில் சாம்பல் நிறத்தில் ஒரு கல் வீடு. ஜான் பார்ட்ரமின் பண்ணை வீடு.

மகள் வீட்டுக்கு வந்து மூன்று வாரமாகிறது. மால், அருவி, சுதந்திர மணி எல்லாம் பார்த்தாயிற்று. "அப்பா, உங்களுக்குன்னு என்ன பார்க்கணும், சொல்லுங்க" என்று மகள் கேட்டபோது, பழைய பண்ணை வீடுகளைப் பார்க்க வேண்டும் என்றேன். கோபிச்செட்டிபாளையம் பக்கம் தோட்டத்துச் சாளையில் வளர்ந்தவன் நான். எங்கள் அப்பா அடிக்கடி ஒன்று சொல்வார்: பெண் கொடுக்கப் போகிற வீட்டில் ஆசாரத்தில், அதாவது முன்கூடத்தில், உட்கார்ந்து மோர் குடித்துவிட்டு வந்துவிடாதே, எழுந்து போய்க் கட்டுத்தறியைப் பார். மாடு எப்படி நிற்கிறது, வைக்கோல் எப்படி அடுக்கியிருக்கிறது, ஏர்க்கலப்பை எங்கே கிடக்கிறது என்று பார்த்தால் அந்தக் குடும்பம் தெரிந்துவிடும். இந்த நான்கு நாளும் அந்தக் கண்ணோடுதான் சுற்றப் போகிறேன்.

பார்ட்ரம் 1699-ல் பிறந்தவர். குவாக்கர் என்கிற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த விவசாயி, காடு காடாகச் செடியும் விதையும் தேடிய தாவரவியலாளர். பெரிய படிப்பு இல்லை. 1728-ல் இந்த 102 ஏக்கரை வாங்கினார். இங்கே ஏற்கெனவே, ஸ்வீடன்காரர்கள் குடியேறிய காலத்துச் சின்னக் கல் வீடு ஒன்று இருந்தது. அதை உள்ளே வைத்தே தன் வீட்டைக் கட்டி வளர்த்தார். ஜான், ஆன் என்று தன் பெயரையும் மனைவி பெயரையும் 1731 என்ற ஆண்டையும் ஒரு கல்லில் வெட்டிச் சுவரில் பதித்திருக்கிறார். கணவன் மனைவி இருவர் பெயரும் சேர்ந்திருப்பது எனக்குப் பிடித்தது.

சுவருக்குப் பக்கத்தில் போய் நின்றேன். காலை வெயில் சாய்வாக விழுந்தபோது கல் மினுமினுத்தது. காக்காப்பொன். இந்தப் பகுதிக் கல்லே அப்படித்தான், ஏடு ஏடாகப் பிரியும், ஏட்டுக்கு நடுவில் காக்காப்பொன் பளபளக்கும். தொட்டால் விரலில் மினுக்குத் தூள் ஒட்டுகிறது. சில கற்கள் என் கையளவு, சில ஆள் நீளம்.

இந்தக் கல்லைப் பார்ட்ரமே உடைத்தார். 1757-ல் எழுதிய ஒரு கடிதத்தில், 17 அடி நீளப் பாறைகளைப் பிளந்திருக்கிறேன், என் கையாலேயே உடைத்த கல்லில் ஐந்து வீடுகள் கட்டியிருக்கிறேன் என்று சொல்கிறார். பாறையில் வரிசையாகக் குழி போட்டு, குழிகளில் ஆப்பு வைத்து, ஒரு கோடி முதல் மறு கோடி வரை மாற்றி மாற்றி அடித்துப் பிளக்கிற முறை. எங்கள் பக்கம் கட்டுத்தறிக்குக் கல்கால் நட, பாறைக்குழியில் இப்படித்தான் கல் உடைப்பார்கள். சிறுவனாக மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். சம்மட்டி விழ விழ, 'ணங் ணங்' என்ற ஓசை ஒரு கட்டத்தில் மொத்தையாக மாறும். "விட்டுடுச்சு" என்பார் உடைக்கிறவர். அதற்கப்புறம் நாலு அடிதான். அந்த ஓசை மாறுகிற நேரத்தை இந்த மனிதரும் காது கொடுத்துக் கேட்டிருப்பார் என்று நினைத்தபோது, இந்தச் சுவர் எனக்கு அந்நியமாகவே படவில்லை.

ஆற்றைப் பார்த்த முகப்பில் மூன்று பெரிய தூண்கள். கிரேக்கக் கோயில் தூண் மாதிரி உச்சியில் சுருள் வேலைப்பாடு. ஆனால் தூணின் உடம்பு, சுவரில் இருக்கிற அதே கரட்டுக் கல்லை அடுக்கியது. ஜன்னல்களைச் சுற்றிலும் கல்லில் வளைவும் சுருளும் வெட்டியிருக்கிறார். சுருள்கள் எல்லாம் ஒன்றுபோல் இல்லை. கைவேலை முதிர்ந்த சிற்பியுடையது இல்லை, ஆசையுள்ள குடியானவனுடையது. எனக்கு இந்த முகப்புதான் இந்த நகரத்திலேயே அழகு.

ஒரு ஜன்னலுக்கு மேலே, சர்வவல்லமையுள்ள கடவுள் ஒருவரையே வணங்குகிறேன் என்று இரண்டு வரிகள், கீழே அவர் பெயர், 1770. 'சர்வவல்லமை' என்பதற்கான ஆங்கிலச் சொல்லைக் காதால் கேட்டபடியே எழுத்துக்கூட்டி வெட்டியிருக்கிறார். இது வெறும் பக்தி வாசகம் இல்லை. இயேசுவைக் கடவுளாக ஏற்கவில்லை என்பதற்காக 1758-ல் அவருடைய குவாக்கர் சபை அவரை விலக்கிவைத்தது. அவர் வழிபாட்டுக்குப் போவதை நிறுத்தவில்லை, கருத்தையும் மாற்றிக்கொள்ளவில்லை. பன்னிரண்டு வருடம் கழித்துத் தன் வீட்டுச் சுவரிலேயே வெட்டிவைத்தார். ஊர் ஒதுக்கிவைத்த மனிதனின் பதில் அந்தக் கல்லில் இருக்கிறது. கீழே நின்று வெகுநேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்று அக்டோபர் 1 என்பதற்கு இந்த இடத்தில் ஒரு விசேஷம் உண்டு. 1765-ல் இதே தேதியில், ஜார்ஜியாவில் ஆல்டமஹா ஆற்றங்கரையில், பார்ட்ரமும் மகன் வில்லியமும் அதுவரை பார்த்திராத ஒரு மரத்தைக் கண்டார்கள். அந்த வருடம்தான் இங்கிலாந்து அரசர் மூன்றாம் ஜார்ஜ் வருடத்துக்கு 50 பவுண்டு சம்பளத்தில் அவரை அரச தாவரவியலாளராக நியமித்திருந்தார். பிற்பாடு வில்லியம் மட்டும் திரும்பிப் போய் அதன் விதையைக் கொண்டுவந்தார். இந்தத் தோட்டத்தில் விதைத்தது 1781-ல் பூத்தது. குடும்ப நண்பர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் பெயரை வைத்து அதை ஃபிராங்க்ளினியா என்றார்கள். காட்டில் அந்த மரத்தைக் கடைசியாகக் கண்டது 1803-ல். அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை. இன்றைக்கு உலகத்தில் எங்கே ஒரு ஃபிராங்க்ளினியா நின்றாலும், அது இந்த வீட்டுக்காரர்கள் கொண்டுவந்த விதையின் வாரிசு.

தேடிப் போய்ப் பார்த்தேன். ஆளைவிடக் கொஞ்சம் உயரம். இலைகள் செம்மஞ்சளுக்கு மாறத் தொடங்கியிருந்தன. உச்சிக்கிளை ஒன்றில் ஒரே ஒரு பூ மிச்சம். ஐந்து வெள்ளை இதழ், நடுவில் மஞ்சள் மகரந்தக் கொத்து. பார்த்ததும் கோத்தகிரியில் பார்த்த தேயிலைப் பூ நினைவுக்கு வந்தது. விசாரித்தால் இதுவும் தேயிலைக் குடும்பம்தானாம். பறிக்கவில்லை, தொடவும் இல்லை. அடியில் விழுந்து கிடந்த ஓர் இதழை மட்டும் எடுத்துப் பார்த்துவிட்டு அங்கேயே வைத்தேன்.

இரண்டாம் நாள், அக்டோபர் 2

மறுபடியும் அதே இடம். "நேத்துத்தான போனீங்க?" என்று மனைவி கேட்டாள். நேற்று ஆசாரம், இன்று கட்டுத்தறி என்றேன். அவளும் கிளம்பி வந்துவிட்டாள்.

வீட்டைச் சுற்றி வண்டிக் கொட்டகை, குதிரை லாயம், விதைக் கொட்டகை, எல்லாவற்றுக்கும் பெரியதாக 1775-ல் கட்டிய கல் களஞ்சியம். இங்கே 'பார்ன்' என்கிறார்கள். நமக்கு அதற்கு ஒற்றைச் சொல் இல்லை. கதிரடிக்கிற களம், தானியம் வைக்கிற குதிர், வைக்கோல் போர், மாட்டுக் கொட்டில் நான்கையும் ஒரே கூரைக்கு அடியில் கொண்டுவந்தால் அதுதான் பார்ன். நாலைந்து மாதம் பனி மூடுகிற ஊரில் எதையும் வெளியே விட முடியாது. பார்ட்ரம் இதைக் கட்டும்போது வயது 76. சாவதற்கு இரண்டு வருடம் முன்னால். அந்த வயதில் தனக்காக யாரும் களஞ்சியம் கட்டமாட்டார்கள்.

விதைக் கொட்டகைக்கு முன்னால்தான் அதிக நேரம் நின்றோம். பார்க்க ஒன்றுமில்லாத சின்னக் கட்டடம். ஆனால் இங்கிலாந்தின் பிரபுக்கள் வீட்டுத் தோட்டங்கள் பாதி இந்த மாதிரிக் கொட்டகையிலிருந்து போனவைதான். லண்டனில் பீட்டர் காலின்சன் என்ற துணி வியாபாரி, அவரும் குவாக்கர், பார்ட்ரமுக்கு ஆள் பிடித்துக் கொடுத்தார். ஒரு பெட்டிக்கு விலை 5 கினி, அந்தக் காலத்து ஆங்கிலேயத் தங்கக் காசு. பெட்டிக்குள் நூறு வகைக்கு மேல் விதைகள்: மக்னோலியா, மேப்பிள், ஓக், பைன் என்று. அறுவடை முடிந்ததும் பார்ட்ரம் குதிரை ஏறிக் காடு காடாகப் போவார். விதை முற்றுவதும் அந்த நேரத்தில்தான். கொண்டுவந்ததைக் காயவைத்து, பிரித்து, பொட்டலம் கட்டி, கப்பல் ஏற்றுவார். வழியில் எலி தின்றது உண்டு. உப்புத் தண்ணீர் பட்டு அழுகியது உண்டு. போர்க்காலத்தில் எதிரிக் கப்பல்கள் பிடித்துக்கொண்டதும் உண்டு. தப்பிப் பிழைத்தது போக மிச்சம்தான் அந்த நாட்டு மண்ணில் முளைத்தது.

காலின்சனும் பார்ட்ரமும் முப்பது வருடத்துக்கு மேல் கடிதம் எழுதிக்கொண்டார்கள். கோபித்துக்கொண்டார்கள், அறிவுரை சொல்லிக்கொண்டார்கள், செடி கேட்டுச் செடி கொடுத்தார்கள். ஒருமுறைகூட நேரில் சந்திக்கவில்லை. மனைவி இதைக் கேட்டதும், "முகம் தெரியாமயே இத்தனை வருஷமா?" என்றாள். அவளுடைய அப்பா விதை நெல்லைக் கோட்டை கட்டி வைப்பவர். விதை அனுப்புகிறவனுக்கும் வாங்குகிறவனுக்கும் இருக்கிற நம்பிக்கை என்ன என்று அவளுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சரிவில் இறங்கினால் ஆறு. கரையோரப் பாறையில் வட்டமாக ஒரு வாய்க்கால் வெட்டியிருக்கிறது. ஆப்பிள் சாறு எடுக்கிற ஆலை. வட்டக் குழியில் ஆப்பிளைக் கொட்டி, அதன்மேல் கல் சக்கரத்தை உருட்டி நசுக்கி, கூழைப் பிழிந்தால் சாறு ஓடி வரும். தனியாக ஆலைக்கல் செய்து கொண்டுவராமல், கரையில் கிடக்கிற பாறையிலேயே குடைந்துவிட்டார்கள். நம் ஊர்களில் பாறையிலேயே வெட்டிய பழைய கல் செக்கைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். குழியின் உள்விளிம்பில் விரலை ஓட்டினேன். வெளிப்பக்கம் உளித்தடம் சொரசொரப்பாக இருக்கிறது. சக்கரம் உரசின பக்கம் வழவழவென்று தேய்ந்திருக்கிறது. மழைநீர் தேங்கி, அதில் ஓர் இலை மிதந்தது. இந்த முழு இடத்திலும் எனக்குப் பிடித்த ஒன்றைச் சொல்லச் சொன்னால் மூன்று தூண்களைச் சொல்லமாட்டேன், இந்தக் குழியைத்தான் சொல்வேன்.

இந்த இடம் மிஞ்சியதும் ஒரு கதை. பேரப்பிள்ளைகள் காலத்தில் குடும்பம் நொடித்துப்போய் 1850-ல் விற்க வேண்டியதாயிற்று. வாங்கியவர் ஆண்ட்ரூ ஈஸ்ட்விக், ரஷ்யாவின் ஜார் மன்னருக்கு ரயில் எஞ்சின் செய்துகொடுத்துப் பணம் சேர்த்தவர். அவர் இந்த வீட்டை இடிக்கவில்லை, மரங்களை வெட்டவில்லை. தனக்கு மாளிகை வேண்டும் என்று அதே நிலத்தில் வேறிடத்தில் கட்டிக்கொண்டார். அவர் காலத்துக்குப் பிறகு, தோட்டக்கலைஞர் தாமஸ் மீஹனும் மற்றவர்களும் போராடி, 1891-ல் நகராட்சி எடுத்துக்கொண்டது. ஈஸ்ட்விக்கின் மாளிகை இன்று இல்லை. குடியானவன் வீடு இருக்கிறது.

1785-ல் வந்த ஜிங்கோ மரம் ஒன்று இன்னும் நிற்கிறது. வட அமெரிக்காவின் மிகப் பழைய ஜிங்கோ என்று கருதப்படுகிறது. அதன் நிழலில் தயிர்சாதம் சாப்பிட்டோம்.

மூன்றாம் நாள், அக்டோபர் 3

மாப்பிள்ளை விடுப்பு எடுத்துக்கொண்டார். "மாமா, இன்னைக்கு நான் ஓட்டுறேன், நீங்க வழி சொல்லுங்க" என்றார். வடமேற்கே மாண்ட்கமரி கவுண்டி, வூஸ்டர் என்கிற ஊர். அங்கே பீட்டர் வென்ட்ஸ் பண்ணை.

போகிற வழியில் பரங்கிக்காய் விற்கிற ஒரு தோட்டத்தில் நிறுத்தினோம். அங்கே ஒரு பழைய கல் பார்ன். சொந்தக்காரர் பெரியவர், உள்ளே பார்த்துக்கொள்ளுங்கள் என்று கதவைத் திறந்துவிட்டார். இந்த வகைக்குத்தான் பென்சில்வேனியா முழுக்கப் பெயர். மேட்டுச் சரிவில் குடைந்து கட்டுவார்கள். மேட்டுப் பக்கத்திலிருந்து பார வண்டி நேராக மாடிக்கே ஏறிவிடும். மாடியின் நடுவில் பலகைக் களம், இரண்டு பக்கமும் வைக்கோல் அட்டி. பள்ளத்துப் பக்கம், கீழ்த்தளத்தில் மாடுகள். அந்தப் பக்கம் பெரும்பாலும் தெற்குப் பார்த்திருக்கும், குளிர்காலத்து வெயில் உள்ளே விழும்படி. மாடித்தளம் சுவரைத் தாண்டி நாலைந்து அடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. மழையிலும் பனியிலும் மாடு ஒதுங்க அது போதும். தீவனத்தை மேலிருந்து துவாரத்தில் தள்ளினால் தொட்டியில் விழுகிறது. சுமந்து இறக்குகிற வேலையே இல்லை. மேட்டையும் பள்ளத்தையும் வேலையாளாக்கிவிட்டார்கள். சுவிட்சர்லாந்து, ஜெர்மனிப் பக்கமிருந்து வந்த குடியானவர்கள் கொண்டுவந்த அறிவு இது.

கல் சுவரில் ஒரு முழ உயரத்துக்குக் குறுகலான பிளவுகள். வெளியே விரல்கடை அகலம், உள்ளே போகப் போக விரிகிறது. "துப்பாக்கி வைக்கிற ஓட்டையா தாத்தா?" என்று பேரன் கேட்டான். பலருக்கும் அப்படித்தான் தோன்றுமாம். அது காற்றுக்காக. ஈரமான வைக்கோல் உள்ளுக்குள் சூடேறித் தானாகத் தீப்பிடிக்கும். காற்று போய்வந்தால் காயும், மழை மட்டும் உள்ளே வராது. பேரன் ஒவ்வொரு பிளவிலும் கண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டு வந்தான். வெயில் அதன் வழியாகத் தகடு தகடாக உள்ளே விழுந்து, தூசி அதில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

வென்ட்ஸ் வீடு வேறு மாதிரி. 1758-ல் கட்டியது. முன்பக்கம் பார்த்தால் அந்தக் காலத்து ஆங்கிலேய கனவான் வீடு: ஜன்னல்கள் சமமான இடைவெளியில், முன்சுவருக்கு மட்டும் நன்றாகக் கொத்திய கல், இரண்டு தளத்துக்கும் நடுவில் மழைத்தடுப்பாக ஒரு சின்னக் கூரை. உள்ளே போனால் ஜெர்மன் குடும்பம். அறையின் நடுவில் இல்லாமல் சுவரோடு சேர்த்து ஒரு வார்ப்பிரும்பு அடுப்புப் பெட்டி. பக்கத்து அறையின் கணப்பிலிருந்து, சுவரிலுள்ள துவாரம் வழியாகத் தணலை இதற்குள் தள்ளுவார்கள். இந்த அறையில் புகை இல்லை, சாம்பல் இல்லை, கதகதப்பு மட்டும்.

அப்புறம் சுவர் வண்ணம். பழைய வீடு என்றால் வெள்ளைச் சுண்ணாம்பு என்றுதான் எதிர்பார்த்தேன். இங்கே அடிச்சுவர் முழுக்கப் புள்ளிகள், கோடுகள், கால்புள்ளி மாதிரி இழுப்புகள், கண்ணைப் பறிக்கிற நிறங்களில். மீட்டுருவாக்கம் செய்தபோது பிற்காலப் பூச்சுகளைச் சுரண்டி, அடியில் கிடைத்த தடத்தைப் பார்த்து அப்படியே மறுபடி தீட்டியிருக்கிறார்கள். மனைவி குனிந்து அந்தப் புள்ளிகளை எண்ண ஆரம்பித்துவிட்டாள். தினமும் வாசலில் புள்ளி வைக்கிற கை. "வரிசை தப்பியிருக்கு. ஆனா கை வேகமா போயிருக்கு, பாருங்க. சந்தோஷமாப் போட்டிருக்காங்க" என்றாள். கண்காட்சிக் குறிப்புப் பலகையில் இப்படி ஒரு வரி இருந்தால் நன்றாக இருக்கும்.

இந்த வீட்டை எல்லோரும் பார்க்க வருவது ஜார்ஜ் வாஷிங்டனுக்காக. அமெரிக்கச் சுதந்திரப் போர் நடந்த 1777-ல், அக்டோபர் 2-ம் தேதி வந்து இங்கே தங்கினார். இன்றைய தேதி, அக்டோபர் 3, சாயங்காலம் படை கிளம்பியது. இரவெல்லாம் நடந்து மறுநாள் விடியலில் ஜெர்மன்டவுனில் பிரிட்டிஷ் படையைத் தாக்கினார்கள். மூடுபனியில் ஆள் தெரியாமல் அமெரிக்கப் படையினரே ஒருவரை ஒருவர் சுட்டுக்கொண்டார்கள். நூற்றுச் சொச்சம் பிரிட்டிஷ் சிப்பாய்கள் பெஞ்சமின் சூவின் கல் வீட்டுக்குள் புகுந்து கதவடைத்துக்கொள்ள, பீரங்கிக் குண்டாலும் அந்தச் சுவரை உடைக்க முடியவில்லை. வாஷிங்டன் தோற்றார். அதே மாதம் 16-ம் தேதி திரும்பவும் இதே வீட்டுக்கு வந்தார். சரடோகாவில் பிரிட்டிஷ் தளபதி பர்கோயின் சரணடைந்த செய்தி வந்து சேர்ந்தது இங்கே இருக்கும்போதுதான். தோல்விக்குப் போனதும் வெற்றிச் செய்தி கேட்டதும் ஒரே கூரை. வாஷிங்டன் முதல்முறை இங்கிருந்து கிளம்பிய அன்றைக்கு ஜான் பார்ட்ரம் இறந்து 11 நாள் ஆகியிருந்தது.

வாஷிங்டன் இங்கே இருந்தது இரண்டு தடவையும் சேர்த்து ஒரு வாரம். 1794 முதல் 1969 வரை, 175 வருடம், ஷுல்ட்ஸ் என்கிற குடும்பம் இங்கே உழுதது. சமயக் காரணத்துக்காகத் துரத்தப்பட்டு, மத்திய ஐரோப்பாவின் சைலீசியாவிலிருந்து வந்த ஷ்வெங்க்ஃபெல்டர் என்கிற சிறு கூட்டத்தைச் சேர்ந்தவர்கள். வீட்டை 1777-ல் இருந்த நிலைக்குத் திரும்பக் கொண்டுவந்தபோது, பின்னால் வந்தவர்களின் தடங்கள் பலவற்றை எடுக்க வேண்டியிருந்திருக்கும். எந்த வருடத்து வீட்டை வைத்துக்கொள்வது என்று தீர்மானிப்பது கஷ்டமான வேலைதான். ஆனால் 175 வருடம் பால் கறந்த கைகளுக்கு இன்னும் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. காப்பாற்றிக் கையில் கொடுத்தவர்கள் அவர்கள்தானே.

காய்கறிப் பாத்தியில் முட்டைக்கோசு பெருத்திருந்தது. பாத்தி விளிம்புக்குப் பலகை அடித்து மண்ணை உயர்த்தியிருக்கிறார்கள். மாப்பிள்ளை படம் எடுத்துக்கொண்டார், அவர் வீட்டுப் பின்பக்கம் இதே மாதிரி செய்யப் போகிறாராம்.

நான்காம் நாள், அக்டோபர் 4

காலையிலிருந்து தூறல். மனைவி வரவில்லை. நான், மகள், பேரன் மூவரும் மேற்கே ஒன்றரை மணி நேரம் போய், பர்க்ஸ் கவுண்டியில், கென்டக்கிக் காட்டுக்கு வழி திறந்த வேட்டைக்காரர் டேனியல் பூன் பிறந்த பண்ணையைப் பார்த்தோம்.

பூன் பெயரைச் சொன்னால் அமெரிக்கப் பிள்ளைகளுக்கு காடு, துப்பாக்கி, கென்டக்கி எல்லாம் கண்முன் வரும். பேரனும் அந்த ஆர்வத்தில்தான் வந்தான். அவர் 1734-ல் இங்கே பிறந்தார். அப்பா ஸ்குவயர் பூன் நெசவாளி, கொல்லர் வேலையும் தெரிந்தவர். 1730-ல் மரக்கட்டை வீடு கட்டினார். 1750-ல் குடும்பமே தெற்கே வட கரோலினாவுக்குப் பெயர்ந்துவிட்டது. இப்போது நிற்கிற கல் வீடு, நிலத்தை அடுத்தடுத்து வாங்கியவர்கள் அந்தக் கட்டை வீட்டின் இடத்திலேயே கட்டி எழுப்பியது. பூனுடையது என்று சொல்ல மிஞ்சியிருப்பது அடித்தளம்தான்.

அந்த அடித்தளத்துக்காகவே இன்னொரு தடவை வருவேன். படி இறங்கினால் நிலவறை. தரையில் கல் ஓரம் கட்டிய பள்ளம், அதில் ஊற்று. வீட்டுக்கு அடியிலேயே தண்ணீர். ஊற்றைப் பார்த்து அதன்மேல் வீட்டைக் கட்டியிருக்கிறார்கள். பனி மூடினாலும், வெளியே போக முடியாத ஆபத்து வந்தாலும், தண்ணீருக்கு வாசல் தாண்ட வேண்டாம். கோடையில் இதுவே குளிர்சாதனப் பெட்டி. இந்தப் பக்கத்து நிலத்தடி நீர் வருடம் முழுக்க 12 டிகிரியை ஒட்டியே இருக்கும். பால் பானையையும் வெண்ணெயையும் கழுத்து வரை இறக்கி வைத்தால் கெடாது. மகள் அங்கே நின்றுகொண்டு, "அப்பா, நம்ம பாட்டி மோர்ப்பானையை ஈரமணல்ல பதிச்சு வைப்பாங்கள்ல?" என்றாள். அவளுக்கு அது நினைவிருக்கும் என்று நான் நினைக்கவேயில்லை. அவள் அப்போது நாலு வயதுப் பிள்ளை.

வெளியே கொஞ்ச தூரத்தில் பெர்ட்டோலே குடும்பத்துக் கட்டை வீடு, 1737-ல் கட்டியது. பக்கத்து ஓலி பள்ளத்தாக்கிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து இங்கே நிறுத்தியிருக்கிறார்கள். அதை ஒட்டி ரொட்டி சுடுகிற தனிக் கொட்டகையும் புகை அறையும். அடுப்பு வீட்டைவிட்டுத் தள்ளி இருப்பதற்குத் தீப்பயம் ஒரு காரணம், கோடைச் சூடு இன்னொன்று. அடுப்பு செங்கல்லால் கவிழ்த்த சட்டி மாதிரி. உள்ளேயே விறகைப் போட்டு இரண்டு மூன்று மணி நேரம் எரிப்பார்கள். செங்கல் சூட்டைக் குடித்துக்கொள்ளும். பிறகு தணலையும் சாம்பலையும் வழித்து வெளியே தள்ளிவிட்டு, வெறும் சூட்டில் வேகவைப்பது. கையை உள்ளே நீட்டி எத்தனை எண்ணுகிறவரை தாங்குகிறது என்று பார்த்துத்தான் சூட்டைத் தெரிந்துகொள்வார்கள். முதலில் ரொட்டி. சூடு இறங்கியதும் பழம் வைத்த பணியாரங்கள். கடைசியாக, மிச்ச வெதுவெதுப்பில் ஆப்பிள் துண்டுகளை இரவெல்லாம் காயப்போடுவது. வாரத்துக்கு ஒருநாள் மூட்டினால் அந்த வாரத்துக்குப் போதும். ஒரு தீயிலிருந்து மூன்று வேலை வாங்குகிறவள் அந்த வீட்டம்மாள். அவள் பெயரை யாரும் சுவரில் வெட்டிவைக்கவில்லை.

புகை அறைக்குள் ஒருவர்தான் நிற்கலாம். ஜன்னல் கிடையாது. மேலே விட்டத்தில் இறைச்சி தொங்கவிட்ட கொக்கிகள். உப்பு தடவிய தொடையைக் குளிர்காலத்தில் மாட்டி, கீழே ஹிக்கரி விறகைக் கொழுந்துவிட்டு எரியாமல் புகையவிடுவார்கள், நாட்கணக்கில். சுவர் கரிக்கட்டை மாதிரி கறுத்து, பிசின் பூசியதுபோல் பளபளத்தது. இங்கே கடைசியாகப் புகை போட்டு எத்தனையோ காலம் ஆகியிருக்கும், தூறல் ஈரத்தில் வாசனை அப்படியே கிளம்புகிறது.

பேரன் உள்ளே போய் மூச்சை இழுத்தான். சுவரில் விரலை வைத்துத் தேய்த்து, கறுத்த நுனியை எனக்குக் காட்டினான். வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுக் கழுவினான். ராத்திரி சோறு பிசையும்போது விரலை மோந்து பார்த்துவிட்டு, "இன்னும் இருக்கு தாத்தா" என்று என் மூக்கருகே நீட்டினான்.